கண்ணாடி துடைக்க ஒரு துணி

ஊருக்குப் போகும்போது எல்லாரும் பெட்டியில சாக்லேட், பாதாம், தலைவலித் தைலம்னு அடுக்குவாங்க. நான் 2024 டிசம்பர்ல கொண்டு போனது 12 டவல். குளிக்கிற டவல் இல்லைங்க, கார் கண்ணாடி துடைக்கிற டவல்.

கேட்டது அப்பா. இத்தனை வருஷத்துல அவரா வாய் திறந்து எதுவும் கேட்டதே இல்லை. போன் பண்ணினா "எல்லாம் இருக்கு, நீ வந்தாப் போதும்" அப்படின்னு வச்சிடுவார். அந்தத் தடவை மட்டும், "மக்கா, கார் கண்ணாடி துடைக்க நல்ல துணி ஏதாவது அங்க கிடைக்குமா? இங்க எத வச்சுத் துடைச்சாலும் பஞ்சு பஞ்சா ஒட்டுது. முன்னாடி ஒண்ணும் தெளிவாத் தெரிய மாட்டேங்கு" அப்படின்னார்.

விஷயத்தைத் தங்கமணிகிட்ட சொன்னதும் ஒரே சிரிப்பு. அம்மணிக்கு ஊர் கரூர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்க. "ஏனுங்க, எங்கூர்ல நெஞ்சு கப்பலேத்தி இங்க அனுப்பறாங்க. நீங்க இங்க வாங்கி ஃப்ளைட்ல ஏத்தி மறுபடி அங்கயே கொண்டு போறீங்களாக்கும்?" அவங்க சொல்றதுல தப்பில்லை. ஸ்கார்பரோவுல எங்க வீட்டு அடுப்படி டவலைத் திருப்பிப் பார்த்தா ஓரத்துல மேட் இன் இந்தியான்னுதான் இருக்கு.

இருந்தாலும் எனக்கு இந்த விஷயத்துல கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. சின்னதா ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

இங்க வந்த முதல் குளிர்காலம். செகண்ட் ஹேண்ட் கார். ராத்திரி உள்பக்கக் கண்ணாடியில மூச்சு படிஞ்சு மங்கலா இருக்குதேன்னு, ஊர்ல இருந்து கொண்டு வந்த பழைய துண்டு ஒண்ணை எடுத்து அழுத்தித் துடைச்சேன். அதுவும் அந்தப் பூந்துண்டு, சுருள் சுருளா நூல் நிக்குமே, அது. ராத்திரி பார்க்கும்போது பளபளன்னு இருந்தது. காலையில 401 நெடுஞ்சாலையில கிழக்கு நோக்கிப் போறேன், சூரியன் நேர் எதிர்ல, தரையை ஒட்டி. ஒரு நொடியில கண்ணாடி முழுக்க வெள்ளை! ஒட்டியிருந்த ஒவ்வொரு பஞ்சு இழையும், துடைச்ச கோடு ஒவ்வொண்ணும் வெளிச்சத்தை வாங்கிக்கிட்டு ஜொலிக்குது. முன்னால போற வண்டியோட பிரேக் லைட் தெரியலை. அன்னைக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தது முருகன் புண்ணியம்.

அப்புறம்தான் இதுல இறங்கி ஆராய ஆரம்பிச்சேன். பருத்தி இழைங்கிறது ஒண்ணு சுமார் ஒரு அங்குல நீளம்தான். அப்படி ஆயிரக்கணக்கான குட்டி இழைகளை முறுக்கிச் சேர்த்தாத்தான் நூல். தேய்க்கத் தேய்க்க முறுக்கிலிருந்து நழுவி வெளியே வரும். பூந்துண்டுல அந்த நூலே சுருளா வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது, கேட்கவே வேண்டாம். இன்னொண்ணு, கண்ணாடியைக் காய்ஞ்ச துணியால தேய்ச்சா மின்னேற்றம் உண்டாகி, விழுந்த பஞ்சை அதுவே இழுத்துப் பிடிச்சுக்கும். துடைக்கத் துடைக்கக் கூடுற மாதிரி தெரியறது பிரமை இல்லை, நிஜம்.

நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புல பனியன் வேஸ்ட் வச்சிருப்பாங்க பாருங்க, திருப்பூர்ல வெட்டி மிஞ்சின துணி. கிரீஸ் துடைக்க அதை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணாடிக்கு ஆகாது. வெட்டின ஓரத்துல இருந்து உதிர்ந்துக்கிட்டே இருக்கும். நியூஸ் பேப்பரைக் கசக்கித் துடைக்கிறது அப்பா தலைமுறைப் பழக்கம். பஞ்சு ஒட்டாதுதான். ஆனா கையெல்லாம் மை, ஓரத்து ரப்பர்லயும் மை.

மைக்ரோஃபைபர் கதை வேற. அதுல இழையே குட்டித் துண்டு இல்லை, அறுபடாம நீளமா ஓடுற செயற்கை இழை. 1970ல ஜப்பான்ல டோரே நிறுவனத்தோட விஞ்ஞானி மியோஷி ஒகமோட்டோ முடியை விட ரொம்ப மெலிசான இழையை வச்சு, மான்தோல் மாதிரி ஒரு துணி செஞ்சார். கோட்டுக்கும் சோபாவுக்கும்னு கிளம்பின அந்தத் தொழில்நுட்பம் பிறகு துடைக்கிற துணிக்கு வந்துச்சு. பெரும்பாலும் 80 பங்கு பாலியெஸ்டர், 20 பங்கு நைலான். ஒவ்வொரு இழையையும் ஆரஞ்சுச் சுளை மாதிரிப் பிளந்திருப்பாங்க. அந்த இடுக்குலதான் அழுக்கும் எண்ணெயும் போய் உட்காரும்.

கடையில போய் நின்னா தலை சுத்தும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு ஜிஎஸ்எம் கணக்கு போட்டிருக்கும். கொழுகொழுன்னு 400, 500 இருக்கிறதைப் பார்த்தா கை தன்னால அங்க போகும். அது பெயிண்டுல ஈரம் ஒத்தி எடுக்க. கண்ணாடிக்கு வேண்டியது 200லிருந்து 300க்குள்ள, முடி மாதிரி எழும்பி நிக்காம தட்டையா நெஞ்சது. கட்டம் கட்டமா வாஃபிள் நெசவுன்னா இன்னும் நல்லது. ஓரத்துல தச்சிருக்கிற லேபிளை முதல்ல வெட்டிப் போட்டுடணும்.

இன்னொரு ரகமும் இங்க உண்டு. ஹக் டவல்னு பேர். ஆபரேஷன் தியேட்டர்ல பச்சையா, நீலமா மடிச்சு வச்சிருக்கிற பருத்தித் துணி. புண்ணுக்குள்ள பஞ்சு போகக் கூடாதுன்னு நெருக்கமா நெஞ்சது. தியேட்டர்ல ஓடித் தேய்ஞ்சு, துவைச்சுச் சுத்தமாக்கி விற்பனைக்கு வரும். உயரமான கட்டடங்கள்ல கயிறு கட்டித் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவங்க இதைத்தான் தேடி வாங்குவாங்க. புதுசை விடப் பழசுக்கு மவுசு.

இவ்வளவும் தெரிஞ்ச மேதாவி என்ன பண்ணினேன் தெரியுமா? 12 தட்டை நெசவு மைக்ரோஃபைபர் வாங்கினேன். சுத்தமாக் கொடுக்கணும்னு அதுல பத்தைப் பிரிச்சு வாஷிங் மெஷின்ல போட்டேன். கூடவே புதுசா வாங்கின ரெண்டு குளியல் டவல். மணக்கட்டும்னு ஒரு மூடி சாஃப்ட்னர்! மீதி ரெண்டு பாக்கெட்டோட அப்படியே இருந்தது, மெஷின்ல இடம் இல்லாததால.

நாகர்கோவில்ல இறங்கின மறுநாள் காலையில திறப்பு விழா. அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டி, வேகன் ஆர் முன்னால நிக்கார். நான் ஸ்டைலா ஒரு டவலை உதறி ஒரு இழுப்பு இழுத்தேன். கண்ணாடி முழுக்க வானவில் மாதிரி எண்ணெய்ப் பட்டை, நடு நடுவே குளியல் டவலோட வெள்ளைப் பஞ்சு. அப்பா டவலை வாங்கி மோந்து பார்த்தார். "மணம் நல்லாத்தான் இருக்கு" அப்படின்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

சாஃப்ட்னர் துணியை மெதுவாக்குறதே இழை மேல ஒரு வழுவழுப்பைப் பூசித்தான். அந்த வழுவழுப்பு அப்படியே கண்ணாடிக்கு வந்துச்சு. பஞ்சைப் பிடிக்கிறதுக்குன்னே பிளந்து வச்ச இழை, மெஷின்ல பக்கத்துல சுத்தின பருத்திப் பஞ்சையெல்லாம் பிடிச்சு வச்சிருந்தது. விஷயத்தைக் கேட்டுத் தங்கமணி போன்ல சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அடுத்த வாரம் திருவனந்தபுரம் சித்தி வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி, விடியக் கிளம்பிப் பொன்முடி போகலாம்னு திட்டம். போற வழியில பலராமபுரம். 1800களோட தொடக்கத்துல திருவிதாங்கூர் ராஜா பாலராமவர்மா காலத்துல, தெற்குத் தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர்களைக் கொண்டு வந்து குடியேத்தி நெசவு நடத்தின ஊர். கசவு வேட்டிக்குப் பேர் போன இடம். எல்லாரும் வேட்டி பார்க்க, நான் கேட்டது துவர்த்து. மலையாளத்துல தோர்த்து. அந்த மெலிசான, தட்டையான, பட்டுன்னு காயுற துண்டு. சுருளே கிடையாது, உதிர்றதும் கம்மி. நான் மைக்ரோஃபைபரைத் தேடி அலைஞ்ச குணம் பாதிக்கு மேல நம்ம வீட்டுக் கொடியிலயே தொங்கியிருக்கு. நாலு வாங்கினேன். சித்தி வீட்டுல வெந்நீர்ல ரெண்டு அலசு அலசினேன். கஞ்சி முழுசாப் போகலை. துவர்த்தும் ஹக் டவல் மாதிரிதான், பழகப் பழகத்தான் சரியா வரும்.

காலையில 5 மணிக்குக் கிளம்பினோம். அப்பாதான் ஓட்டினார். "உனக்கு இங்க ஓட்டிப் பழக்கம் விட்டுப் போச்சு, வலது ஸ்டியரிங் வேற." நெடுமங்காடு தாண்டுற வரைக்கும் இருட்டு. எதிர்ல வண்டி வந்தா அப்பா ஸ்டியரிங் மேல குனிஞ்சு, வேகத்தைக் குறைச்சு, கிட்டத்தட்ட நின்னுட்டுத்தான் போறார். "பாத்தியா, லைட்டு பட்டா பூரா பொங்குது. எல்லாம் இந்தக் கண்ணாடிதான்." எனக்கு உறுத்தல். கொண்டு வந்த டவல் சரியா இருந்திருந்தா இந்தப் பாடு இல்லையேன்னு.

விதுரை நெருங்குற இடம். ரெண்டு பக்கமும் ரப்பர் மரம். பால் வெட்டப் போற ஒருத்தர், தலையில டார்ச் கட்டிக்கிட்டு ரோட்டு ஓரமா நடந்து போறார். எனக்கு அம்பதடி முன்னாலயே தெரிஞ்சிடுச்சு. அப்பா வண்டியை ஒதுக்கவே இல்லை. "அப்பா, ஆளு!" கத்தினேன். வண்டி வெட்டித் திரும்பிச்சு. அந்த ஆள் ஒரு எட்டு பள்ளத்துக்குள்ள இறங்கி நின்னு எங்களைப் பார்த்தார். திட்டக் கூட இல்லை. பின் சீட்டுல அம்மா என் தோளைப் பிடிச்ச பிடி விடவே இல்லை.

கல்லாறு வரைக்கும் யாரும் பேசலை.

கல்லாறுன்னா கல் ஆறுதான். உருண்டு உருண்டு வழவழன்னு ஆன பாறைங்களுக்கு நடுவுல தண்ணி ஓடுது. வாமனபுரம் ஆத்தோட தலைப்பக்கம். இதைத் தாண்டினா பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவு. ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தினோம். ஆத்துல இறங்கி வண்டி கழுவலாமான்னு சிலருக்குத் தோணும். வேண்டாம். ஆத்துலயும் சோப்பு, இறங்கின ஆளுக்கும் ஆபத்து. அந்தப் பாறையும் தண்ணியும் பார்க்கிற மாதிரி சாது இல்லை. டீக்கடைக்காரர்கிட்ட கேட்டு ஒரு சொம்பு தண்ணி வாங்கினேன்.

அம்மா பையில கையை விட்டு ஒரு துவர்த்தை எடுத்து நீட்டினாங்க. அவங்க தலை துவட்டுற பழைய துவர்த்து. எத்தனை வருஷமோ, எத்தனை நூறு துவையலோ. சல்லடை மாதிரி ஆகியிருந்தது. நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, முதல்ல உள்பக்கம். உள்பக்கத்தைத்தான் எல்லாரும் மறந்துடுறோம். வெயில்ல நிக்கிற வண்டியில டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியில மெல்லிசா ஒரு படலம் போடும். புதுக் கார் வாசனைன்னு மோந்து பார்ப்போமே, அதோட ஒரு பகுதி இதுதான். பனிமூட்டத்துல மூச்சு படியறதுக்கும் அந்தப் படலம் நல்ல இடம். துவர்த்து மூணு தடவை பழுப்பாச்சு, மூணு தடவை அலசினேன். அப்புறம் பாக்கெட் பிரிக்காத அந்த ரெண்டு டவல்ல ஒண்ணை எடுத்துக் காயத் துடைச்சேன். உள்ளே மேலிருந்து கீழ, வெளியே இடமிருந்து வலம். அப்போதான் கோடு விழுந்தா எந்தப் பக்கத்துக் கோடுன்னு தெரியும்.

அதுக்குள்ள விடிஞ்சிடுச்சு. சத்தியமாச் சொல்றேன், அந்த இடத்துல கண்ணாடி இருக்கான்னே தெரியலை. அம்மா விரலால தொட்டுப் பார்த்தாங்க. அப்பாவை உள்ளே உட்கார வச்சேன்.

"எப்படிப்பா?"

"பரவால்ல. ஆனா... இன்னும் புகை அடிச்ச மாதிரிதான் இருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி அதையும் துடைச்சுக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்தார். அதே புகை. எனக்கு அப்போதான் லேசா உறைச்சது. எதிர்க்கடை போர்டைக் காட்டினேன். "அப்பா, வலது கண்ணைப் பொத்திக்கிட்டு அந்த போர்டைப் பாருங்க." மலையாள எழுத்து, அவருக்கு நல்லா வாசிக்க வரும். தடங்கல் இல்லாம வாசிச்சார். "இப்ப இடது கண்ணைப் பொத்துங்க."

அப்பா கையை வச்சுப் பொத்தினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போர்டு எங்க மக்கா?"

டீ ஆறிப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார், போன பொங்கலுக்கு முன்னாலயே வலது கண்ணுல மங்கல் தெரியுதுன்னு. லைட்டு பட்டா பூ மாதிரி விரியுதுன்னு. சொன்னா வண்டிச் சாவியை வாங்கி வச்சிடுவாங்கன்னு பயம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கண்ணாடி துடைச்சிருக்கார். துணி சரியில்லை, துணி சரியில்லைன்னு அம்மாவைப் படுத்தியிருக்கார். அம்மா பழைய புடவை, சட்டை எல்லாத்தையும் கிழிச்சுக் கொடுத்திருக்காங்க. வாரா வாரம் வீடியோல அவரைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குத் தெரிஞ்சது டவல் ஜிஎஸ்எம் மட்டும்.

அம்மா மெதுவாக் கேட்டாங்க. "இங்கதான லட்சுமிக்குட்டி அம்மா இருக்காங்க, பத்மஸ்ரீ கூடக் கொடுத்தாங்கல்லா. பச்சிலை ஏதும் இருக்குமான்னு கேட்டா என்ன?" கல்லாற்றுக் காட்டுக்குள்ள இருக்கிற வைத்தியர், விஷமுறிவுக்குப் பேர் போனவங்க, 2018ல பத்மஸ்ரீ வாங்கினவங்க. அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கண்புரைன்னா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸே வெளுத்துப் போறது. சொட்டு மருந்து விட்டோ பச்சிலை பிழிஞ்சோ அதைத் தெளியவைக்க முடியாது, மாத்தத்தான் வேணும். கரையிற பொருள் இல்லைம்மான்னு சொன்னேன்.

அப்பா ஒண்ணும் பேசாம இறங்கி, சுத்தி வந்து இடது பக்கம் உட்கார்ந்தார். சாவி ஸ்டியரிங்லயே தொங்குது. திரும்பிப் போயிடலாமான்னு கேட்டேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு? நீ ஓட்டு. நான் சொல்லித் தாறேன்." 22 வளைவும் சொல்லித் தந்தார். பாதி மலையில மூடுபனி. ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி விட்டேன், உள்ளே ஒரு பொட்டு மங்கல் இல்லை. மேல போய் என்ன பார்த்தோம்னு கேட்காதீங்க, ஒண்ணும் தெரியலை, வெறும் பனி. எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியாம இருந்ததுல அப்பாவுக்குக் கொஞ்சம் சந்தோஷம் :-)

லீவை நீட்டி, திருநெல்வேலி அரவிந்த்ல காட்டினோம். 1976ல மதுரையில டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியோட கிளை. வலது கண்ணுல முத்தின புரை, இடதுல இப்போதான் ஆரம்பம். உள்ளே வைக்கிற லென்ஸை 1992லிருந்து மதுரையிலயே அவங்களோட அரோலேப் செய்யுது. காலையில உள்ளே போனவர் மத்தியானம் கறுப்புக் கண்ணாடியோட வெளியே வந்தார். காத்திருந்த நேரத்துல ஒரு தள்ளுவண்டி போச்சு, மேல மடிச்சு அடுக்கின பச்சைத் துணி. கண் ஆபரேஷன்ல ஒரு பஞ்சு இழை உள்ளே போனாலும் வினைதான். எந்த நெசவுன்னு எட்டிப் பார்த்தேன். அந்த நர்ஸம்மா என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டுப் போனாங்க.

நான் இங்க திரும்பி வந்து ஒரு மாசம் கழிச்சுப் போன். இந்தத் தடவை அவரே கூப்பிட்டார்.

"மக்கா, நீ கொண்டு வந்த டவல்ல ஓரத் தையல்ல பஞ்சு இருக்கு பாத்துக்க. அந்த மணக்குற பத்துல ஒண்ணு."

வெந்நீர்ல போட்டு, சோப்பு கொஞ்சமா, தனியாத் துவைக்கச் சொன்னேன். மூணு நாலு துவையல்ல சாஃப்ட்னர் விடும். வேற துணியோட சேர்க்கவே கூடாது. ராத்திரி மட்டும் வண்டி எடுக்காதீங்க, இன்னொரு கண் இருக்குன்னும் சொன்னேன். உம்னார். சரியா, சரியில்லையான்னு தெரியாத உம்.

அம்மா போனை வாங்கினாங்க. இப்போ உத்தரத்துல இருக்கிற ஒட்டடையெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியுதாம், நாலு நாளா ஒரே இம்சையாம். அப்புறம், "ஏ, என் பழைய துவர்த்து ஒண்ணைக் காணோம். கல்லாத்துல விட்டுட்டு வந்துட்டமா?" அப்படின்னாங்க.

விடலை. இங்க என் கார் கதவுப் பையில மடிச்சு இருக்கு. வெளியே மைனஸ் 14.